கொளஞ்சியப்பன் கேட்ட பிடி

சிவசங்கரியின் வீட்டு முன்னறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒரு நீள மேசை கிடக்கும். மேசை மேல் தண்டைச் சுழற்றும் சின்ன மோட்டார், கலர் கலராக நூல்கண்டுகள், எபாக்ஸி பசை டப்பாக்கள். சுவரோரமாகக் கார்பன் தண்டுகள் சாய்ந்து நிற்கும். ஆள் ஆளுக்கு அளவெடுத்துத் தூண்டில் ராடு கட்டிக் கொடுப்பது அவள் தொழில். அதற்கு முன்பு, விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சுழலும் தட்டில் பொம்மையை வைத்து, மூச்சை அடக்கி, முடி அகலத்துக்குக் கோடு இழுக்க வேண்டும். தம்பி ஒருநாள் உடைந்த ராடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க, அதற்கு நூல் சுற்றி ஒட்டிக் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு நெய்வேலியிலிருந்து ஒருவர் வந்தார், பிறகு கடலூரிலிருந்து, புதுச்சேரியிலிருந்து. அப்படியே இது தொழிலாகிவிட்டது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலை டிரிப்பை முடித்துவிட்டுக் கொளஞ்சியப்பன் வந்தார். ஸ்கூல் பஸ் டிரைவர். சங்கரியின் மகள் வெண்பா அவர் பஸ்ஸில்தான் ஆறாம் வகுப்புக்குப் போய்வருகிறாள். ஐம்பதை நெருங்கும் வயது. பிள்ளைகளை அவர் அதட்டி யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வெலிங்டன் ஏரி, இல்லாவிட்டால் வீராணம் என்று தூண்டிலோடு கிளம்பிவிடுவார்.

"பழைய ராடு என்னாச்சுண்ணா? நல்லாத்தான இருந்துச்சு?"

"அத ஏன் கேக்கற தங்கச்சி. போன மாசம் வீராணத்துல ஒரு கட்லா மீனு. இழுத்த இழுப்புல ராடு, ரீலு எல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. கையிலேர்ந்து அப்புடியே புடுங்கிக்கிச்சு." சிரித்தார். "அதனாலதான் சொல்றேன், இந்தவாட்டி பிடி நல்லா இருக்கணும். கைய வுட்டுப் போவவே கூடாது."

பிடி என்று அவர் சொன்னது ரீல் சீட்டை. ரீலைத் தண்டோடு இறுக்கிப் பிடித்து நிற்கும் பகுதி அது. மீன் பிடிப்பவரின் உள்ளங்கை நாள் பூராவும் அதன் மேல்தான் இருக்கும். பசை போட்டு ஒட்டிவிட்டால் கழற்ற முடியாது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். அதனால் சங்கரி எப்போதும் டேப் சுற்றித் தற்காலிகமாகப் பொருத்தி, ரீலை மாட்டி, கையில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பசையைத் தொடுவாள்.

மூன்று சீட்டுகளை எடுத்து வைத்தாள். முதலாவது வெறும் உருளை. இரண்டாவது உள்ளங்கைக்குத் தகுந்தாற்போல் நடுவில் புடைத்து மேலே ரப்பர் பூசியது. மூன்றாவதில் அடிப்பக்கம் துப்பாக்கி விசை மாதிரி ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கொளஞ்சியப்பன் மற்ற இரண்டையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொக்கி வைத்ததை எடுத்துக்கொண்டார்.

"இதையே போட்டுடு."

"நீங்க பழகுனது கீழ தொங்கற ரீலுண்ணா. இது தண்டு மேல உக்கார்ற ரீலுக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது."

"அப்ப மேல உக்கார்ற ரீலே வாங்கிக்கிறேன்."

சங்கரிக்கு வியப்பாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரே வகை ரீலில் பழகிய கை, அதை யாரும் லேசில் மாற்ற மாட்டார்கள். "மொதல்ல மூணையும் புடிச்சிப் பாருங்க" என்று உருளையைத் தண்டில் ஏற்றி, தன்னிடமிருந்த கீழே தொங்கும் ரீலைக் கொடுத்தாள். ரீலை இறுக்கும் நட்டை அவர் இடது கையால் திருகினார். அவர் வலது கைக்காரர் என்று அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

தூண்டில் நுனியில் ஒரு சின்னக் களிமண் பையைக் கட்டித் தொங்கவிட்டாள். எல்லாருக்கும் செய்வதுதான். கொளஞ்சியப்பன் தூக்கினார். பை தரையைவிட்டு எழுந்ததுமே ராடு அவர் கைக்குள் மெதுவாகத் திரும்பியது. ரீல் பக்கவாட்டில் சாய்ந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தொழிற்பேட்டைப் புகைபோக்கியைப் பார்த்தபடி, "லேசாத்தான் இருக்குது" என்றார்.

"ரீலு சாயுது பாருங்க."

குனிந்து பார்த்தார். "வேர்வை" என்றார். பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சங்கரி அந்தக் கையைச் சரியாகப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாக இருக்கவேண்டிய சதை குழிந்துபோயிருந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் பாதி மடங்கிய நிலையிலேயே இருந்தன.

"கண்ண மூடிக்குங்கண்ணா" என்றாள். இதுவும் வழக்கம்தான். கண்ணை மூடிப் பிடித்தால் விரல்கள் தாமாகப் போய் உட்காரும் இடம் தெரியும். அந்த இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைப்பாள். "ஒவ்வொரு வெரலாத் தொடுவேன். எந்த வெரலுன்னு சொல்லுங்க."

கட்டைவிரலைத் தொட்டாள். சொன்னார். நடுவிரல். சொன்னார். கத்தரிக்கோலின் முனையால் சுண்டுவிரலின் ஓரத்தை அழுத்தினாள். அவர் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். தோல் வெளுத்துக் குழிந்தது.

கண்ணை மூடியபடியே கொளஞ்சியப்பன், "ம், அடுத்ததத் தொடு தங்கச்சி" என்றார்.

சங்கரி கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். அந்தச் சத்தத்தில் அவர் கண்ணைத் திறந்தார். சுண்டுவிரலில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"எத்தன நாளாண்ணா?"

"என்னா எத்தன நாளு?"

"மரத்துப்போயிருக்குது."

"வயசாவுதுல்ல." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அதுக்குத்தான் கொக்கி கேட்டேன். வெரலு புடிக்காட்டியும் கொக்கி புடிச்சிக்கும். அதுக்கு மேல ரப்பரு சுத்திக்குடு, போதும். ஸ்டியரிங்ல சைக்கிள் டியூபு சுத்தியிருக்கேன், நழுவாமத்தான் இருக்குது..."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

இடது கை கியருக்குப் போகும்போதெல்லாம் ஸ்டியரிங் முழுவதும் அந்த வலது கையில் இருக்கும். அந்தக் கை. வெண்பா எப்போதும் முன் சீட்டில், கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள்.

"டாக்டர்ட்ட காட்டலியா?"

"காட்டினா எழுதிக் குடுப்பாரு. எழுதிக் குடுத்தா ஸ்கூல்ல அன்னைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்த வயசுல எனக்கு வேற யாரு வண்டி குடுப்பாங்க? எங்கூட்டுல கூடத் தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இத்தினி வருசத்துல ஒரு கீறலு உண்டா? நாளைக்கும் நாளான்னைக்கும் லீவு. திங்கக்கிழம காலையில டாக்டரப் பாத்துட்டுத்தான் வண்டியத் தொடுவேன். சத்தியமா. இன்னைக்கு சாயங்காலம் ஒரு டிரிப்பு. யார்ட்டயும் சொல்லிப்புடாத."

சங்கரி சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரியென்று எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பிப் போய்விட்டார்.

அதன்பிறகு அவளால் எந்த வேலையும் செய்ய முடியவில்லை. புதுச்சேரிக்காரருக்குச் சுற்றிக்கொண்டிருந்த நூல் இரண்டு முறை பிசகியது. அவிழ்த்துப் போட்டாள். பள்ளியில் பஸ்களைக் கவனித்துக்கொள்ளும் அன்பரசனின் நம்பரைப் போனில் எடுத்தாள். மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். ஒரு மனுஷன் நம்பிச் சொன்னதை இப்படிப் போட்டு உடைப்பதா? தொழிற்பேட்டையில் இன்சுலேட்டர் கம்பெனியில் ஷிப்டில் இருந்த கணவன் வளவனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ வண்டிய எடுத்துட்டுப் போயி பாப்பாவ மட்டும் கூட்டிட்டு வந்துடு" என்றான் அவன். "அவரு பொழப்புல நாம ஏன் கைய வைக்கணும்? திங்கக்கிழம பாத்துக்கறேன்னுதான சொல்லியிருக்காரு?"

அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளி விடுவதற்கு முன்பே போய்விடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்தாள். பள்ளி ஊருக்கு வெளியே, மங்கலம்பேட்டை போகும் வழியில். வண்டியில் பெட்ரோல் இல்லை, பாதியில் பங்க்கில் வரிசை. அவள் பள்ளி வாசலை அடைந்தபோது மஞ்சள் பஸ் வெளியே வந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் வெண்பாவின் முகம் தெரிந்தது. அம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள். அவளைச் சுற்றி இன்னும் எத்தனையோ முகங்கள், எத்தனையோ கைகள்.

சங்கரி கையைக் காட்டினாள். கொளஞ்சியப்பனும் அவளைப் பார்த்தார். கண்கள் ஒரு கணம் சந்தித்தன. பஸ் நிற்கவில்லை.

அவள் பின்தொடர்ந்தாள். பஸ் மெதுவாகத்தான் போனது. வழக்கத்தைவிட மெதுவாக என்றுகூடச் சொல்லலாம். அவர் பயந்துதான் ஓட்டுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. எதிரில் கரும்பு லாரிகள் வந்தன. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அவள் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள்.

வேகத்தடை ஒன்று வந்தது. பஸ் அதில் ஏறி இறங்கி, மறுபடி வேகமெடுப்பதற்காகக் கியர் மாற்றும் உறுமல் கேட்டது. அந்த நேரத்தில் பஸ் இடப்பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். பிறகு தார் ரோட்டின் ஓரத்தைத் தாண்டி ஒரு சக்கரம் மண்ணில் இறங்கியது. அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு முள்செடிக்குள் பாய்ந்தார். பஸ்ஸுக்குள் பிள்ளைகள் கத்தினார்கள். பிறகு பஸ் ஒரு குலுங்கலோடு ரோட்டுக்குத் திரும்பியது. சைக்கிள்காரர் எழுந்து பின்னாலிருந்து வசவு வசவாக வீசினார்.

இனி அந்த பஸ்ஸை எப்படி நிறுத்துவது? முந்திப் போய்க் குறுக்கே நிற்பதா? திடீரென்று பிரேக் போட்டால் அந்தக் கை என்ன செய்யும்?

ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் நின்றது. முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் ஒரு லாரி. ஸ்கூட்டியை ஓரமாகப் போட்டுவிட்டு அவள் ஓடிப்போய் டிரைவர் பக்க ஜன்னலுக்குக் கீழே நின்றாள்.

கொளஞ்சியப்பன் திரும்பவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார்.

"எறங்கிடுங்கண்ணா."

"பசங்கள வூட்ல வுட்டுட்டு எறங்கறேன். நீ போ."

"இப்ப நடந்தத நான் பின்னாடியிருந்து பாத்தேன்."

"குழி கெடந்துச்சு. ஒதுக்கினேன்."

"குழி இல்லண்ணா."

தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது. பிள்ளைகளைக் கவனிக்கும் ராஜம்மாள் பின்னாலிருந்து, "யாருண்ணா அது? என்னாவாம்?" என்று கேட்டாள். வெண்பா கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரி குரலை உயர்த்தவில்லை.

"எங்கூட்டுக்காரரத் தவுர நான் யார்ட்டயும் சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டேன். நீங்களா எறங்கினா அது உங்க வார்த்தையா இருக்கும். கை வலிக்குது, ஓட்ட முடியலன்னு நீங்களே அன்பரசன் சாருக்குப் போன் பண்ணுங்க. கேட்டு தொறந்தாலும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன். என் பொண்ண மட்டும் எறக்கிட்டுப் போவலாம்னுதான் கெளம்பி வந்தேன். இத்தினி புள்ளைங்கள வுட்டுட்டு அப்புடிப் போவ மனசு வரல."

ரயில் வந்தது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் யாரும் பேச முடியாது. கொளஞ்சியப்பன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டத்தில் அவர் வலது கையைத் தூக்கி ஸ்டியரிங்மேல் வைத்தார். மடங்கச் சொல்லி விரல்களைப் பார்த்தார். மூன்று மடங்கின. மற்ற இரண்டும் டியூப் சுற்றிய இடத்தில் சும்மா கிடந்தன.

ரயில் போய்விட்டது. கேட் எழுந்தது. டிராக்டர் கிளம்பியது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் சேர்ந்து அடித்தன. சங்கரி டிரைவர் பக்கக் கதவில் முதுகை ஒட்டி நின்றாள். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கால் கிளட்சின் மேல் இருந்தது.

இன்ஜின் நின்றது.

சாவியை எடுத்துக்கொண்டு கொளஞ்சியப்பன் கீழே இறங்கினார். லாரி டிரைவர் திட்டிக்கொண்டே வந்தார். "யோவ், ரோட்டுக்கு நடுவுல நிறுத்திட்டு என்னாய்யா பண்ற?"

"கை சரியில்லப்பா" என்றார் கொளஞ்சியப்பன். "ஓட்ட முடியல. உள்ள கொழந்தைங்க இருக்குது. கொஞ்சம் ஓரமா நிறுத்திக் குடு."

லாரி டிரைவர் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சாவியை வாங்கி, பஸ்ஸை ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தார். கொளஞ்சியப்பன் போனை எடுத்து, இடது கையால் அன்பரசனின் நம்பரை அழுத்தினார். வேறு டிரைவர் வந்து சேரும்வரை பஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சங்கரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கவில்லை.

அன்று சாயங்காலமே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி ஓடியது. டிரைவர் குடித்திருந்தாராம், பஸ் பள்ளத்தில் இறங்கியதாம், ஒரு அம்மாதான் விரட்டிப் பிடித்து நிறுத்தினாராம். போலீசுக்குப் போகவேண்டும் என்று ஒருவர் எழுத, ஆமாம் ஆமாம் என்று பத்துப் பேர் கைதட்டல் எமோஜி போட்டார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னது சங்கரிக்கு நினைவிருந்தது. ஆனால் இதை இப்படியே விட்டால் ஊர் முழுக்க அவரைக் குடிகாரராக்கிவிடும். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் அனுப்பியது இதுதான்: 'அவர் குடிக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பேசினேன். வலது கை மரத்துப்போய் ஓட்ட முடியாமல் அவரேதான் வண்டியை நிறுத்தினார். நிறுத்தச் சொல்லி யாரும் சாவியைப் பிடுங்கவில்லை.'

குரூப் அடங்கியது. போலீஸ் பேச்சும் நின்றது. ஆனால் கை விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளஞ்சியப்பனின் மனைவி கண்ணம்மாள் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று வளவன் எழுந்து வாசலுக்குப் போனான். அவள் அவனைத் தாண்டி உள்ளே வந்து, மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீ குரூப்புல போட்டத எதுத்த வூட்டுப் பொண்ணு படிச்சிக் காட்டுச்சும்மா. அப்பத்தான் எனக்கே தெரியும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொம்பு கீழ வுழுந்தா, ஏன் ஈரமா வச்சன்னு என்னைத் திட்டுவாரு. சட்டைக்கு நாந்தான் பொத்தான் போட்டு வுடணும், வரவர சோம்பேறி ஆயிட்டாருன்னு நெனச்சேன். உம்மேல கோவமாத்தான் இருக்காரு. உம் பேர எடுத்தாலே எழுந்து வெளிய போயிடறாரு. நாளைக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். போவ மாட்டேன்றாரு, இழுத்துட்டுப் போறேன்."

"என்னால உங்களுக்குக் கஷ்டமாப் போச்சுக்கா."

"கஷ்டந்தான்" என்றாள் கண்ணம்மாள். ஆறுதலாக எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போனாள்.

முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வருஷக்கணக்கில் ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி ஓட்டியது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்களாம். ஆபரேஷன் செய்தார்கள். உணர்ச்சி கொஞ்சம் திரும்பும், பழைய பலம் வருமா என்று இப்போதே சொல்ல முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். பள்ளியில் அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் பஸ்ஸும் கொடுக்கவில்லை. பஸ் ஷெட்டில் வண்டிகளைச் சரிபார்த்து அனுப்பும் வேலைக்குப் போட்டார்கள். அதில் அவருக்குச் சம்மதமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பள்ளி வாசலில் சங்கரியைப் பார்த்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவளும் கூப்பிடவில்லை. அவருக்காக எடுத்த கார்பன் தண்டு மட்டும் சீட் ஒட்டாமலேயே சுவரோரம் நின்றது. அதை வேறு யாருக்கும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மழைக்காலம் முடிந்து ஏரிகள் நிறைந்திருந்த நேரத்தில், ஒரு சனிக்கிழமை அவர் வந்தார். சொல்லிக்கொள்ளாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கையில் தழும்பு நீளமாகத் தெரிந்தது.

"சீட்ட எடு. பாக்கலாம்" என்றார்.

சங்கரி மூன்றையும் எடுத்து வைத்தாள். எதைப் பற்றியும் கேட்கவில்லை. அவர் ராடை இடது கையில் வாங்கிக்கொண்டார்.

"இந்தக் கையால வீசிப் பழகிட்டேன். ரீலச் சுத்தறதுக்கு மட்டுந்தான் இது." வலது கையைத் தூக்கிக் காட்டினார். "சுத்தறது வருது."

கொக்கி வைத்ததை அவர் ஓரமாகத் தள்ளினார். உருளையைப் பிடித்துப் பார்த்தார். அது அவர் கைக்கு ஒல்லி, விரல்கள் சுற்றி வந்து உள்ளங்கையில் இடித்தன. ரப்பர் பூசியதை டேப்பின் மேல் ஏற்றிக் கொடுத்தாள். ரீலின் கால் நடுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் இடையில் வந்து நின்றது. களிமண் பையைத் தொங்கவிட்டாள். தூக்கினார். ராடு வளைந்தது. ரீல் ஆடாமல் நேராக நின்றது. கண்ணை மூடச் சொல்லவேண்டியிருந்தது, அவள் தயங்கினாள். அவராகவே மூடிக்கொண்டார்.

விரல் விரலாகத் தொட்டாள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

"இதான்" என்றார், கண்ணைத் திறந்து. "ஒட்டிடு."

அவள் பசையைக் கலக்கி, தண்டில் தடவி, சீட்டைத் திருகித் திருகி உள்ளே ஏற்றினாள். வழிந்த பசையைத் துணியால் துடைத்தாள். நாளைக்குள் இறுகிவிடும், நைலான் இழை ஓடும் வளையங்களைக் கட்ட இன்னும் நாலு நாள் ஆகும் என்று சொன்னாள். தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசல்படியில் செருப்பை மாட்டும்போது நின்றார்.

"பாப்பா இப்ப பஸ்ஸுலதான வருது?"

"ஆமாண்ணா. புது டிரைவரு."

"எப்புடி ஓட்டறானாம்?"

"ரயில்வே கேட்டு மூடறதுக்கு முன்னாடி தாண்டணும்னு வெரட்டறாராம். நேத்து பாப்பா சொன்னா."

கொளஞ்சியப்பனின் முகம் இறுகியது. பைக் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"இன்னைக்கு லீவுன்னாலும் வண்டி கழுவ ஷெட்டுலதான் இருப்பான். போய்க் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.